சொல்தாவும் மீன்தின்னியும்

அவரிடம் மணி கேட்கக் கூடாது. எட்டே கால் என்றால், "ஒம்பது அடிச்சி எவ்ளோ நேரம் ஆவுது" என்பார். அவர் சொன்னதை நம்பி ஓடிவந்தவர்கள் மரக்காணம் தபால் நிலையத்தின் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து, புது போஸ்ட் மாஸ்டர் சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில், என் இருபத்தெட்டாவது வயதில், அந்த ஊருக்கு மாற்றலாகிப் போன முதல் மாதமே எனக்கு அந்தப் பெயர் கிடைத்தது. நான் ஒருநாள்கூடத் தாமதமாகத் திறந்ததில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் என் வீட்டுக்காரர். உப்பளத்துக்குப் போகும் சாலையில் கடைசி ஓட்டு வீடு அவருடையது. அதன் பின்பக்க அறையில் நான் குடியிருந்தேன். அறையைக் காட்டும்போது, "கெணத்துத் தண்ணி கல்கண்டு" என்று சொல்லித்தான் என்னை இழுத்துப் போட்டார். கூப்பிடு தூரத்தில் உப்பு விளைகிற மண். விடிகாலையில் இறைக்கும் முதல் இரண்டு குடம் வாயில் வைக்கலாம். அதற்குப் பிறகு வருவதில் பல் துலக்கவும் முடியாது. போய்க் கேட்டேன்.

"மொத ரெண்டு கொடம் கல்கண்டா இல்லியா? அத்தச் சொல்லு" என்றார்.

இதுதான் அவருடைய சிக்கல். பொய்யர் என்று சொல்லிவிட்டால் சுலபமாக இருந்திருக்கும். அவர் பொய்யர் இல்லை. சொல்லும் விஷயத்தில் எப்போதும் உண்மை இருக்கும். அதன் மேல் ஒரு கை கூடப் போடுவார். எது இருந்தது, எது போட்டது என்று பிரித்தெடுப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். அவருக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது.

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் அவர் சொல்தா. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது அவர்களுடைய ராணுவத்தில் சேர்ந்து சீமையில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். இவரும் இருபது வயதில் கப்பலேறிப் போய், இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் பிரான்ஸ், ஜெர்மனி என்று அலைந்து திரும்பியவர். மரக்காணத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். மாதம் ஒருமுறை பென்ஷன் வாங்க பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவார். மற்ற நாட்களில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பேச ஆள் தேடுவார். தபால் நிலையத்தில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள் என்பதால் எனக்கு விமோசனமே கிடையாது.

அவருடைய மனைவி உப்பு சுமக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. வெயிலில் கறுத்து, குரல் கட்டையாகி, ஒரு பார்வையில் முப்பது பெண்களை வரிசையில் நிறுத்தக்கூடியவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். குடிபோன இரண்டாம் நாள் அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்த ஆளு இன்னா சொன்னாலும் மொதல்ல சரின்னுடுங்க. அப்பறமா என்னாண்ட வந்து கேளுங்க."

ஒரு வைகாசியில் புயல் மாதிரி ஒரு காற்று வந்து போனது. உப்பளத் தொழிலாளர்களின் குடிசைகளில் பதினேழு குடிசைக்குக் கூரை போய்விட்டது. அரசாங்கத்துக்கு மனு எழுத வேண்டும். சொல்தாவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று அவரிடம் போனார்கள். மனுவை நான்தான் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மனுவில் நாற்பது குடிசை என்று இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். அங்கேயே ஜீப்பின் மேல் வைத்து மனுவின் குறுக்கே 'பொய்த் தகவல்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பதினேழு பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா உப்பு அப்பிய காலோடு அப்படியே தபால் நிலையத்துக்கு வந்தார். சொல்தா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நாப்பதுன்னு எழுதினியா?"

"பதினேழுன்னு எழுதினா எவன் மதிப்பான்? ஜீப்பு எடுத்துக்கினு வந்தானா இல்லியா? நாப்பதுன்னதாலதான் வந்தான்."

"பதினேழு பேரு புள்ள குட்டியோட நனைஞ்சது ஒனக்குப் பத்தலையா?"

மறுநாள் விடிந்ததும் சொல்தா தன் கொல்லையிலிருந்த தென்னை மட்டைகளை எல்லாம் வெட்டி, ஊற வைத்து, கீற்று முடைய உட்கார்ந்துவிட்டார். கொல்லை பத்தாமல் அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்கினார். ஒரு மாதம் தானே ஏறி பதினேழு கூரையையும் வேய்ந்தார். ஒரு கூரையிலிருந்து விழுந்து முழங்கை பிசகியது. நான் ஆச்சரியப்பட்டது வேறொன்றுக்கு. சட்டை இஸ்திரி போட்டதைக்கூட ஊர்வலம் மாதிரி விவரிக்கும் மனிதர், அந்தக் கூரைகளைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கைக் கட்டைக் காட்டி யாராவது கேட்டால், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்பார். அந்த வீட்டில் பாத்ரூமே கிடையாது.

அவருடைய பெரிய கதை மீன்தின்னி.

அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு வெளிநாட்டு பிஸ்கட் டப்பா இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அது கீழே இறங்கும். உள்ளே காக்கித் துணி. அதற்குள் உள்ளங்கை அளவில் கன்னங்கரேலென்று ஒரு துண்டு. ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் தேன்கூடு மாதிரி பொத்தல். கனமாக இருக்கும். ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மீன்தின்னி என்ற மிருகத்தின் எலும்பு என்பார். அந்த ஆயிரம் கோடியில் எவ்வளவு கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்க அனுமந்தை குப்பத்துக்குப் போவார். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் சிரித்தார்கள். "வாங்க சொல்தா. மீன்தின்னி சௌக்கியமா?"

அவ்வளவு போதும் அவருக்கு. மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"எகிப்து தேசத்துப் பாலைவனத்துல தோண்டி எடுத்தாங்கப்பா. மொதலைக்கு இருக்கற மாதிரி நீட்டு மூஞ்சி. முதுவு மேல பாய் விரிச்சா மாதிரி எலும்பு நெட்டுக்கு நிக்கும். ரெண்டு பஸ்ஸ ஒட்ட வெச்சா எவ்ளோ நீளம், அவ்ளோ."

"போன வாரம் ஒண்ணரை பஸ்ஸுன்னீங்க."

"அது வால சேக்காம."

வயதான ஒரு கட்டுமரக்காரர் மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். "முதுவுல பாய் இருந்தா காத்து கவுத்துடுமே. கடலுக்கு ஆவாது. நம்ம கழுவெளி ஏரி மாதிரி எடத்துலதான் நின்னிருக்கும். இடுப்பளவு தண்ணியில அசையாம நின்னுக்கினு, மூஞ்ச மட்டும் உள்ள விட்டுக்கினு, மீனு வந்து ஒரசினா லபக்குன்னு புடிக்கும். கொக்கு புடிக்கல?"

"அதத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றார் சொல்தா. அடுத்த வாரமே அந்தக் கழுவெளியும் கொக்கும் ஜெர்மனியில் ஒரு கிழவர் அவருக்குச் சொன்னதாகக் கதையில் சேர்ந்துவிட்டன.

அந்த ஜெர்மன் கிழவர்தான் எலும்பைக் கொடுத்தார் என்பது ஒரு கதை. மூனிக் நகரத்தில் ஒரு பெரிய அருங்காட்சியகம். அங்கேதான் அந்த மிருகத்தின் எலும்புகள் இருந்தன. உலகத்திலேயே அது ஒன்றுதான். யுத்தத்தில் ஒரே இரவில் குண்டு விழுந்து அத்தனையும் எரிந்து போயிற்று. யுத்தம் முடிந்து சொல்தாவின் பட்டாளம் அந்த வழியாகப் போனபோது, அங்கே வேலை பார்த்த கிழவர் மிச்சமிருந்த ஒரே துண்டை இவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். இது எனக்குச் சொன்னது. அனுமந்தையில், ஒரு பிரெஞ்சு ஜெனரல் இவருடைய வீரத்தை மெச்சிப் பரிசளித்தது. பள்ளிக்கூட வாத்தியாரிடம், நெருப்புக்குள் இவரே பாய்ந்து எடுத்தது. அந்த நெருப்பு அணைந்து ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் இவர் அந்த ஊருக்கே போனார் என்பது அவர் வாயாலேயே பலமுறை வந்திருக்கிறது.

நான் எதையும் நம்பவில்லை. அது எரிந்த செங்கல் என்றும், அப்படி ஒரு மிருகம் கிடையாது என்றும் உறுதியாக நினைத்தேன். அதை ஒருமுறை நிரூபித்து அவர் வாயை அடைத்துவிட்டால் மாற்றலாகும் வரை நிம்மதியாக இருக்கலாம் என்ற நினைப்பு எனக்குள் வளர்ந்துகொண்டே வந்தது.

சந்தர்ப்பம் தானாக வந்தது. திருவக்கரையில் கல்லாக மாறிப்போன மரங்களைப் பார்க்க வந்திருந்த இளம் நிலவியல்காரர் ஒருவர், கல் மாதிரிகளைப் பார்சல் அனுப்ப என் தபால் நிலையத்துக்கு வந்தார். நான் விடவில்லை. "ஒரு பத்து நிமிஷம் சார். எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு பொருள் இருக்கு. அது என்னன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

நிலவியல்காரர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அந்தத் துண்டை எடுத்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை சொல்தா வாயைத் திறக்கவில்லை. அதுவே அதிசயம்.

"எலும்புதான்னு நினைக்கிறேன்" என்றார் கடைசியில். "கல்லா மாறின எலும்பு. அப்புறம் நெருப்புல பட்டிருக்கு. ஐயா, இது உங்களுக்கு எங்கே, எப்படிக் கிடைச்சது? நிதானமாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்தார்.

சொல்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜெனரல் வந்தார். மெடல் குத்தினார். எலும்பைக் கொடுத்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "கெழவரு குடுத்தாருன்னு சொல்லுவியே?"

"ஆமா, கெழவருதான் ஜெனரல் கையில குடுத்தாரு. ஜெனரல் என்னாண்ட…" என்று தொடங்கி, நெருப்பு வந்து, குண்டு வந்து, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. நிலவியல்காரர் பேனாவை மூடினார். மரியாதையாக அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

பஸ் நிற்கும் இடத்தில் நான் வெற்றியோடு கேட்டேன். "அப்படி ஒரு மிருகமே கிடையாதுதானே சார்?"

"இருந்தது சார்" என்றார். "எகிப்துல கிடைச்சது. நீளமான தாடை, முதலைப் பல் மாதிரி நேரான பல், முதுகுல ஆள் உயரத்துக்கு மேல எலும்பு. பல்லைப் பார்த்தா மீன் தின்னதுன்னுதான் தோணும். எலும்பெல்லாம் ஜெர்மனியில இருந்தது. யுத்தத்துல எரிஞ்சு போச்சு. படமும் எழுதி வச்ச விவரமும்தான் மிச்சம். ரொம்பப் பேருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சிருக்கறதே எனக்கு ஆச்சரியம்."

தூரத்தில் பஸ் தெரிந்தது. அவசரமாகக் கேட்டேன்.

"அப்ப அந்தத் துண்டு?"

"அதோடதா இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எங்கே இருந்தது, யார் கையில இருந்து வந்ததுன்னு ஒருத்தர் ஒரு தடவையாவது உள்ளது உள்ளபடி சொல்லணும் சார். அது இல்லைன்னா, எங்களுக்கு இது வெறும் கல்லு." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இரண்டு வருஷமாக நான் சிரித்த மிருகம் நிஜம். எரிந்து போனதும் நிஜம். இவ்வளவு பெரிய நிஜத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் ஜெனரலையும் மெடலையும் போட்டு மூடி வைத்திருக்கிற மனிதரை என்ன செய்வது?

அதற்குப் பிறகு சொல்தா ஒரு வாரம் தபால் நிலையத்துப் பக்கம் வரவில்லை. அக்கா, "உடம்பு சரியில்லியோ தெரியல தம்பி. மணி கேட்டா சரியா சொல்லுது" என்று கவலைப்பட்டார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். உப்பளத்தில் வேலை நின்றிருந்தது. ஒரு மத்தியானம், தபால் நிலையத்தில் நான் தனியாக இருந்தபோது, குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"போஸ்ட்டு, அந்தக் கெழவரு எனக்குக் குடுக்கல."

நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். "அப்ப ஜெனரலா?"

"ஜெனரலும் இல்ல. நான் எடுத்துக்கினு வந்துட்டேன்."

கை நின்றது.

"எங்க லாரி ரிப்பேராயி ரெண்டு நாளு அந்த ஊர்ல நின்னுது. இடிஞ்ச கட்டடத்துக்குப் பின்னால ஒரு கெழவரு மாவு சலிக்கிற சல்லடைய வெச்சிக்கினு சாம்பலயும் கல்லயும் சலிச்சிக்கினு இருந்தாரு. குண்டு உழுந்து ஒரு வருசம் ஆவுது. தெனமும் வருவாராம். பாதி பிரெஞ்சுல எல்லாம் சொன்னாரு. கரித்துண்டால செவுத்துல அந்த மிருகத்தப் படம் போட்டுக் காட்டினாரு. பத்திரமான எடத்துக்கு மாத்துங்கன்னு அதக் கண்டுபுடிச்சவரு கெஞ்சினாராம். மியூசியத்துப் பெரியவரு கேக்கலியாம். ரெண்டாவது நாளு இது கெடைச்சிது. சன்னல் கட்ட மேல கைக்குட்டய விரிச்சி வெச்சாரு. கழுவிப் பாக்கணும்னு தண்ணி எடுக்கப் போனாரு."

வெளியே மழை ஓட்டிலிருந்து கோடு கோடாக ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் ஏதாவது சேர்ப்பார் என்று நான் காத்திருந்தேன். பழக்கம்.

"கையில எடுத்துப் பாக்கத்தான் எடுத்தேன். லாரி ஹாரன் அடிச்சான். ஜோபியில போட்டுக்கினு ஓடிட்டேன்."

"ஏன்?"

"தெரியல. லாரியில ஏறினப்பறம் பாத்தேன். ஒரு டின்னுல தண்ணி எடுத்துக்கினு, சிந்தாம, மெள்ளமா நடந்து வந்துக்கினு இருந்தாரு."

அவ்வளவுதான். அந்தக் கிழவருக்கு என்ன வயது என்று கேட்டேன். தெரியாது என்றார். பெயர்? தெரியாது. நாற்பது கேள்விக்கு எண்பது பதில் சொல்லும் மனிதர், தெரியாது, தெரியாது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா இதை ஏன் ஊருக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"ஒளிச்சி வெச்சா திருட்டுப் பொருளாயிடும்ல?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "முதல்ல அந்த மியூசியத்துக்கு ஒரு லெட்டர் எழுதலாம்" என்றேன்.

"பேசினது போதும். எலும்ப அனுப்பிடு."

நிலவியல்காரருக்குக் கார்டு போட்டு அருங்காட்சியகத்தின் முகவரியை வாங்கினேன். தச்சரிடம் சின்னப் பெட்டி செய்தோம். வைக்கோல் அடைத்து, பிஸ்கட் டப்பாவை அப்படியே உள்ளே வைத்து, நடந்ததைப் பிரெஞ்சில் அவரே எழுதிய கடிதத்தையும் வைத்தார். பெட்டிக்குத் துணி உறை தைக்க அக்கா உட்கார்ந்தார். அவருக்கும் அப்போதுதான் விஷயம் தெரியும்.

"இத்தினி வருசமா அடுத்தவன் சாமான என் அலமாரியில வெச்சிருந்தியா?" என்று கேட்டுவிட்டு, கோணியூசியால் ஒவ்வொரு தையலையும் இறுக்கி இழுத்தார்.

வெளிநாட்டுப் பார்சலுக்கு உள்ளே இருப்பது என்ன என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெரிய ஆபீசுக்கு எழுதி அதை வரவழைத்தேன். இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் அச்சடித்த படிவம். எலும்பு, புராதனப் பொருள் என்றெல்லாம் எழுதினால் வழியில் யாராவது பிடித்துவைத்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இங்கிலீஷில் 'கல் சாம்பிள், விலை எதுவுமில்லை' என்று எழுதினேன். உண்மையைத் தவிர வேறு பேசாத நான்தான் அப்படி எழுதினேன். கையெழுத்துப் போட அவரிடம் நீட்டினேன். போட்டார். பிறகு கீழே காலியாக இருந்த கட்டத்தில் பிரெஞ்சில் ஒரு வரி எழுதினார்.

"என்ன எழுதினீங்க?"

"உள்ள இருக்கறதத்தான் எழுதினேன்."

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு மெமோ வந்தது. வழியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் பார்சல் நிறுத்தப்பட்டிருந்தது. ஒரே படிவத்தில் ஓரிடத்தில் கல் என்றும், இன்னோரிடத்தில் 'எலும்பு. என்னால் திருடப்பட்டது. திருப்பித் தருகிறேன்' என்றும் எழுதப்பட்டிருக்கும் பார்சலை எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்று என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். நகல் ஒன்று காவல் நிலையத்துக்கும் போயிருந்தது.

என் விளக்கத்தில், 'கல் என்பது தவறுதலாக எழுதப்பட்டுவிட்டது' என்று எழுதினேன். யார் எழுதியது என்று எழுதவில்லை. வேலை முக்கியம்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பார்சல் ஜெர்மனிக்குப் போய்ச் சேரவில்லை. எங்களிடமும் திரும்பி வரவில்லை. நிபுணர் கருத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. எந்த நிபுணர் என்று கேட்டதற்கு, கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது என்று ஒரு கடிதம். நான் மாற்றலாகிப் போன பிறகும் நாலு வருஷம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில், கண்டுபிடிக்க இயலவில்லை என்று ஒரு வரி வந்தது. எங்களில் யாரும் அதைப் போட்டோ எடுத்து வைக்கவில்லை. ஒரு நூலைப் பிடித்து அளந்துகூட வைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காவல் நிலையத்துக்கு நானும் அவரோடு போனேன். சப் இன்ஸ்பெக்டர் என் வயதுக்காரர். மேசை மேல் நகலை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். எங்களை நிற்க வைத்தே விசாரித்தார்.

"திருடினேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இன்னாத்த திருடினீங்க?"

"எலும்பு."

"யாரோட எலும்பு?"

"மீன் தின்ற ஒரு பெரிய மிருகத்தோடது. இப்ப அது இல்ல."

"எங்க திருடினீங்க?"

"ஜெர்மனியில."

சப் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப?"

"யுத்தம் முடிஞ்சப்ப."

அவர் என்னைப் பார்த்தார். "சார், இவரு வூட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"அவர் சொல்றது உண்மை சார்" என்றேன்.

அதே பார்வை என் மேலும் விழுந்தது. "நீங்க போஸ்ட் மாஸ்டர்தானே?" என்று சந்தேகத்தோடு கேட்டார். பிறகு நகலைக் கோப்புக்குள் தள்ளினார். "பொருளுக்கு உடையவன் இல்ல. புகார் குடுத்தவன் இல்ல. நான் இன்னான்னு கேஸ் எழுதறது? போங்க பெருசு. போயி படுங்க."

"எழுதிக்குங்க சார்" என்றார் சொல்தா. "எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஒண்ணும் கூட்டிச் சொல்லல."

"ஏட்டு, இவங்கள அனுப்பு."

வெளியே வந்தோம். தை மாத வெயில். உப்பளப் பாத்திகளில் புதுத் தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தார்கள். வரப்பு வழியாகக் குறுக்கே நடந்தோம். அவர் முன்னால் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். இஸ்திரிச் சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"ஏன்யா இப்படிப் பண்ணீங்க?" என்று கத்திவிட்டேன். பாத்தியில் நின்றிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஊரெல்லாம் கூட்டிக் கூட்டிச் சொல்லத் தெரியுதில்ல? பஸ் பஸ்ஸா நீட்டத் தெரியுதில்ல? ஒரே ஒரு இடத்துல, ஒரே ஒரு படிவத்துல, நான் எழுதினதை அப்படியே விட்டிருக்கக் கூடாதா? கல்லுன்னு மட்டும் இருந்திருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்!"

அவர் நின்றார். திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

"சேந்திருக்கும். கல்லுதான் போயி சேந்திருக்கும்" என்றார். "அந்தக் கெழவரு தேடினது கல்லு இல்லியே போஸ்ட்டு."

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அவரைத் தாண்டிக்கொண்டு வேகமாக நடந்தேன். நல்ல காரியத்தைக்கூட நம் வயிறு எரிகிற மாதிரிதான் செய்வேன் என்று ஒரு மனிதர் சபதம் எடுத்திருந்தால் என்ன செய்ய முடியும்? சாலையில் ஏறி, டீக்கடையில் நின்று, இரண்டு டீ சொன்னேன். பின்னாலேயே அவரும் வந்து சேர்ந்தார்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார். "இன்னா சொல்தா, ஸ்டேஷனுக்குக் கூப்ட்டாங்களாமே?"

சொல்தா பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"கூப்ட்டாங்க. எஸ்.ஐ. என்னப் பாத்ததும் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சாரு. பிரான்சு மிலிட்டரி எப்டி இருக்கும்னு பாருய்யான்னு ஏட்டக் கூப்ட்டுக் காட்டினாரு. உக்காரவெச்சி, ரெண்டு கலரு சோடா வாங்கியாரச் சொன்னாரு. நான்தான் வேணான்னுட்டேன்."

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அப்டியா சார்?"

"உட்காரக்கூடச் சொல்லலை" என்றேன்.

சொல்தா என்னை முறைத்தார். பிறகு டீக்கடைக்காரர் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்கிற மாதிரியே ரகசியமாகச் சொன்னார்: "இவன் வெளிய நின்னுக்கினு இருந்தாம்பா. இவனுக்கு இன்னா தெரியும்?"

நான் ஆரம்பம் முதல் கடைசி வரை அவர் பக்கத்தில், தோளோடு தோள் உரசி நின்றிருந்தேன்.